பேருந்துக்கு யார் பணம் தருவது? ரோசா பார்க்ஸ் அம்மையாரின் வாழ்வு



ரோசா பார்க்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரே ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும். நாள் முழுவதும் தைத்துக் களைத்துப்போன ஒரு பெண், நிரம்பி வழியும் பேருந்து, எழுந்திருக்கச் சொல்லி மிரட்டும் ஓட்டுநர், எழ மறுக்கும் அந்தப் பெண். மறையுரைகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இளையோர் கூட்டங்களிலும் இந்த நிகழ்வு அடிக்கடி சொல்லப்படுகிறது. நடந்தது உண்மைதான். ஆனால் அவருடைய கதை அந்த ஒரு மாலையில் தொடங்கி அந்த ஒரு மாலையிலேயே முடிந்துவிடுவதுபோல் நாம் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மையார் 92 ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருடைய வாழ்வை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பார்த்தால், பேருந்து அவருக்கு வெறும் இருக்கைப் பிரச்சினையாக இருந்ததில்லை என்பது புரியும். பொதுப்பணத்தில் ஓடும் வண்டி யாருக்காக ஓடுகிறது, யார் நடந்து போகிறார்கள் என்ற கேள்வி அவருடைய பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ என்னும் ஊரில், 1913 பிப்ரவரி 4 அன்று ரோசா லூயிஸ் மெக்காலி பிறந்தார். தந்தை தச்சர், தாய் லியோனா ஆசிரியை. பெற்றோர் பிரிந்துவிட, ரோசாவும் தம்பி சில்வெஸ்டரும் பைன் லெவல் என்ற சிற்றூரில் தாயின் பெற்றோரிடம் வளர்ந்தார்கள். முகமூடி அணிந்த கு குளுக்ஸ் கிளான் கும்பல் இரவில் கறுப்பினத்தவரின் வீடுகளைத் தாக்கி வந்த காலம் அது. அடிமையாகப் பிறந்த தாத்தா துப்பாக்கியோடு கதவருகே அமர்ந்து காவல் காத்த இரவுகளை ரோசா தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அந்த ஊரில் இரண்டு பள்ளிகள் இருந்தன. வெள்ளையர் குழந்தைகளின் பள்ளியை வரிப்பணத்தில் கட்டியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒன்பது மாதம் அது நடந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஓர் அறைப் பள்ளி, ஐந்து மாத வகுப்பு. எஞ்சிய மாதங்களில் அவர்கள் வயலில் வேலை செய்ய வேண்டும். அந்த ஓர் அறையையும் பெற்றோர்களே கட்டிக்கொள்ள வேண்டும், விறகும் அவர்களே கொண்டுவர வேண்டும். வெள்ளைக் குழந்தைகளை ஏற்றிச் செல்லப் பேருந்து உண்டு. கறுப்பினக் குழந்தைகள் நடந்தார்கள். அவர்கள் நடந்து போகும்போது அந்தப் பேருந்து கடந்து செல்லும், உள்ளிருந்து குப்பை வந்து விழும். பேருந்தைக் கண்டால் சாலையை விட்டு இறங்கி வயலோரமாக நடப்பது குழந்தைகளுக்குப் பழகிப்போயிற்று. உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்பதைத் தமக்கு முதன்முதலில் உணர்த்தியது அந்தப் பேருந்துதான் என்று அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கே சற்று நிற்போம். அந்தப் பள்ளிப் பேருந்துக்குள் யார் எங்கே உட்காருவது என்ற சண்டையே எழவில்லை. இந்தக் குழந்தைகளுக்குப் பேருந்தே இல்லையே! அவர்களுடைய பெற்றோரும் வரி செலுத்தினார்கள். அந்த வரியில் ஓடிய வண்டி அவர்களைக் கடந்து போனது. இந்த முதல் அநீதியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

பதினொரு வயதில் ரோசா மாண்ட்கோமரி நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். பாட்டியும் பிறகு தாயும் நோயில் விழ, படிப்பைப் பாதியில் விட்டு வீடு திரும்பினார். 1932இல் ரேமண்ட் பார்க்ஸ் என்ற முடிதிருத்துநரை மணந்தார். செய்யாத குற்றத்துக்காகச் சிறைப்பட்ட ஸ்காட்ஸ்பரோ இளைஞர்களுக்காக உயிருக்கு அஞ்சாமல் நிதி திரட்டிக்கொண்டிருந்தவர் ரேமண்ட். கணவர் தந்த ஊக்கத்தால் 1933இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை ரோசா முடித்தார். 1943இல் என்.ஏ.ஏ.சி.பி. என்னும் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தில் சேர்ந்து, மாண்ட்கோமரி கிளையின் செயலராகவும் ஆனார். கிளையை வழிநடத்திய ஈ. டி. நிக்சன் ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளராக வேலை பார்த்த தொழிற்சங்கத் தலைவர். 1944இல் ரீசி டெய்லர் என்ற இளம் தாய் ஆலயத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் வெள்ளை இளைஞர்களால் சீரழிக்கப்பட்டபோது, அந்த ஊருக்குச் சென்று விவரங்களைத் திரட்டி வந்தவர் ரோசா. வாக்காளராகப் பதிவு செய்ய மூன்று முறை முயன்று 1945இல்தான் வெற்றி கண்டார். அதற்கும் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வீதம், 21 வயதிலிருந்து கணக்கிட்டுத் தேர்தல் வரி கட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் களைப்பில் எதிர்பாராமல் வரலாற்றுக்குள் நுழைந்த எளிய தையல்காரி என்ற படம் இந்தப் பின்னணியோடு ஒத்துப்போகவில்லை அல்லவா?

மாண்ட்கோமரியில் நகரப் பேருந்துகளை ஓட்டியது அரசு அல்ல. மாண்ட்கோமரி சிட்டி லைன்ஸ் என்ற தனியார் நிறுவனம் நகராட்சியின் உரிமம் பெற்று ஓட்டியது. அதன் தாய் நிறுவனம் சிகாகோவில் இருந்தது. வரிப்பணம் எதுவும் இல்லை, பயணிகள் போடும் 10 சென்ட் நாணயங்களே வருமானம். அந்தப் பயணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்த பெண்கள் அவர்களில் மிகுதி. வண்டியை வாழவைத்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் முன்பக்கம் ஏறி நாணயம் போட்டுவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசலுக்கு நடக்க வேண்டும். அவர்கள் பின்வாசலை அடைவதற்குள் வண்டி புறப்பட்டுப் போவதும் உண்டு. 1943இல் முன்பக்கமாக ஏறி உள்ளே நடந்த ரோசாவை ஜேம்ஸ் பிளேக் என்ற ஓட்டுநர் இறக்கிவிட்டார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள், அந்த ஓட்டுநரைக் கண்டால் அவர் அந்த வண்டியில் ஏறவில்லை.

நாணயத்தின் வலிமையை முதலில் கணக்கிட்டுப் பார்த்தவர் ஜோ ஆன் ராபின்சன். அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை, மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவி. 1954 மே மாதமே அவர் மாநகரத் தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டார். பயணிகளில் முக்கால் பங்கினர் கறுப்பினத்தவர், அவர்கள் ஏறாவிட்டால் வண்டி ஓடாது என்பதை அதில் மரியாதையோடும் தெளிவோடும் குறிப்பிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1953 ஜூனில், லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்துத் தங்கள் கார்களில் ஒருவரையொருவர் ஏற்றிச் சென்றிருந்தார்கள். வழி திறந்திருந்தது, தருணம்தான் வரவில்லை. 1955 மார்ச் 2 அன்று கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அந்தச் சிறுமியை அன்போடு அருகில் அழைத்து, சங்கத்தின் இளையோர் அணியில் சேர்த்துக்கொண்டவர் ரோசா.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. துணிக்கடையில் வேலை முடித்து மாலையில் ரோசா ஏறிய கிளீவ்லாண்ட் அவென்யூ வண்டியின் ஓட்டுநர் அதே பிளேக். 36 இருக்கைகளில் முதல் பத்து வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதற்கு அடுத்திருந்த நடுப்பகுதியில் ரோசா அமர்ந்திருந்தார். வெள்ளையர் ஒருவருக்கு இடமில்லை என்றதும், அந்த ஒருவருக்காக நான்கு பேரை எழச் சொன்னார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள். ரோசா எழவில்லை, சன்னலோரமாக நகர்ந்து அமர்ந்தார். வேறு காலியிடம் இல்லாதபோது அமர்ந்திருப்பவரை எழுப்பக்கூடாது என்று அந்த நகரச் சட்டமே சொன்னது. ஆனால் ஓட்டுநர்கள் சொன்னதுதான் நடைமுறை. காவலர் வந்து கைது செய்தனர். நிக்சனும், வெள்ளையினத்தவரான வழக்கறிஞர் கிளிஃபர்ட் டர், அவர் துணைவி வர்ஜீனியா டர் ஆகியோரும் பிணையில் எடுத்தனர்.

அன்றிரவு பேராசிரியை ராபின்சன் கல்லூரியின் நகலெடுக்கும் கருவியில் விடியும்வரை பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். மறுவாரம் திங்கள், டிசம்பர் 5. ரோசாவுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் வழக்குச் செலவும் தீர்ப்பாயின. அதே காலையில் மாண்ட்கோமரியின் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாக ஓடின. மாலையில் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். புதிய அமைப்புக்குத் தலைவராக 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த 381 நாள்களைப் பற்றிப் பேசும்போது நாம் மேடைப் பேச்சுகளையே அதிகம் நினைக்கிறோம். எனக்கு வியப்பூட்டுவது அதன் நிர்வாகம். பேருந்தில் ஏறாத பல்லாயிரம் பேர் வேலைக்குப் போயாக வேண்டும். வாடகைக் கார் ஓட்டிய கறுப்பினத்தவர் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். நகராட்சி உடனே 45 சென்ட் குறைந்தபட்சக் கட்டணத்தை வலியுறுத்தி அதைத் தடுத்தது. பிறகு ஏறத்தாழ 300 சொந்தக் கார்கள், குறித்த நிறுத்தங்கள், கால அட்டவணை என ஒரு முழுப் போக்குவரத்துக் கழகமே உருவாயிற்று. அழைப்புகளை ஏற்று வண்டிகளை அனுப்பும் பணியைச் சில காலம் ரோசாவே செய்தார். ஆலயங்கள் காணிக்கைப் பணத்தில் பெரிய கார்களை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து ஓட்டின. உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டபோது லண்டனின் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு பெறப்பட்டது. அரசு செய்யாததை ஏழைகளின் காணிக்கை ஓராண்டுக்கும் மேலாகச் செய்தது. வண்டியில் இடம் கிடைக்காதவர்களும் முதியவர்களும்கூட நாள்தோறும் மைல் கணக்கில் நடந்தார்கள்.

எதிரே இருந்த நிறுவனமோ தள்ளாடியது. 1956 ஜனவரியில் கட்டணத்தை 10 சென்ட்டிலிருந்து 15 சென்ட்டாக உயர்த்தியது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளின் தடங்களை நிறுத்தியது. நிறுவனம் இறங்கி வந்திருக்கக்கூடும், நகரத் தலைவர்கள்தாம் விடாப்பிடியாக இருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு பழைய சட்டத்தைத் தோண்டியெடுத்து 89 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். ரோசா கைரேகை வைக்கும் புகழ்பெற்ற படம் டிசம்பர் மாதத்தது அல்ல, இந்த இரண்டாவது கைதின்போது எடுக்கப்பட்டது. நான்கு பெண்கள் தொடுத்த பிரவுடர் வழக்கில்தான் இருக்கைப் பாகுபாடு சட்ட விரோதம் என்ற தீர்ப்பு கிடைத்தது. சிறுமி கோல்வின் அந்த நால்வரில் ஒருவர், ரோசா அவர்களில் இல்லை. 1956 நவம்பர் 13 அன்று, கார் சேவையைத் தடைசெய்ய நகராட்சி உள்ளூர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்த அதே நாளில், உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பர் 21 அன்று மக்கள் பேருந்துக்குத் திரும்பினார்கள். சன்னல் வழியே ரோசா பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வெள்ளையர் ஒருவர் அமர்ந்திருக்கும் படம் அன்று எடுக்கப்பட்டது. அந்த வெள்ளையர் ஒரு செய்தியாளர், படத்துக்காகவே உட்கார்ந்தவர்.

இருக்கை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் நடந்த வேறு இரண்டு காரியங்களை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

முதலாவது, 1952இல் அலபாமா தன் மாநில அரசியலமைப்பில் ஒரு திருத்தத்தைச் சேர்த்திருந்தது. எரிபொருள் வரியும் வாகனக் கட்டணமும் சாலைக்கும் பாலத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும் என்பது அதன் சாரம். பேருந்துக்கு அதிலிருந்து காசில்லை. ரோசா இருக்கையில் உறுதியாக அமர்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, எதிர்காலப் பேருந்துகளின் கணக்குப் புத்தகம் இப்படி மூடப்பட்டுவிட்டது. இரண்டாவது, 1956 ஜூன் 29 அன்று, மாண்ட்கோமரி மக்கள் நடந்துகொண்டிருந்த கோடையில், நாடெங்கும் 41,000 மைல் விரைவுச் சாலை அமைக்கும் சட்டம் கையெழுத்தானது. செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்றது. காரில் போகிறவருக்கு அரசின் பணம், பேருந்தில் போகிறவருக்கு அவரவர் சட்டைப்பையிலிருக்கும் நாணயம். பின்னர் அந்த விரைவுச் சாலைகள் மாண்ட்கோமரியின் கறுப்பினக் குடியிருப்புகளையே பிளந்துகொண்டு போயின. அப்போது மாநில நெடுஞ்சாலைத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த சாம் எங்கல்ஹார்ட், இன ஒதுக்கலைக் காக்கத் தோன்றிய வெள்ளையர் மன்றங்களின் தலைவர்களில் ஒருவர்.

பகிர்ந்துகொள்வதைவிட மூடிவிடுவதே மேல் என்ற மனநிலை அந்நகரில் இருந்தது. பூங்காக்களில் பாகுபாடு கூடாது என்ற நிலை வந்தபோது, 1959 தொடக்கத்தில் மாண்ட்கோமரி தன் பொதுப் பூங்காக்கள் அனைத்தையும் மூடியது. 1965 வரை அவை திறக்கவில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்கும் பூங்கா இல்லாமல் போயிற்று. பேருந்தை யாரும் அப்படிப் பூட்டவில்லை. வசதியுள்ளவர் காருக்கு மாறினர், வருமானம் குறைந்தது, தடங்கள் சுருங்கின. பூட்டாமலேயே ஒன்றைப் பட்டினி போட முடியும்.

ரோசா குடும்பம் கொடுத்த விலை பெரிது. 1956 ஜனவரியில், தையல் பிரிவை மூடுகிறோம் என்று காரணம் சொல்லிக் கடை அவரை நீக்கியது. ரேமண்டின் வேலையும் போயிற்று. தொலைபேசியில் இரவும் பகலும் கொலை மிரட்டல். உலகமே பெயர் சொன்ன அந்தப் பெண்ணுக்கு மாண்ட்கோமரியில் யாரும் வேலை தரவில்லை. 1957 ஆகஸ்டில் தம்பி சில்வெஸ்டர் வாழ்ந்த டெட்ராயிட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கும் வறுமை. குடற்புண்ணுக்கு மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாமல் கடன்பட்டார். தையல் தொழிற்கூடத்தில் துண்டுக் கணக்கில் கூலிக்குத் தைத்தார். 1960இல் ஒரு கறுப்பின வார இதழ் அவருடைய நிலையை வெளிப்படுத்திய பிறகே பலருக்கு அது தெரிந்தது.

வடக்கே வந்துவிட்டதால் விடுதலை கிடைத்துவிடவில்லை. பெயர்ப்பலகை இல்லாத பாகுபாடு அங்கே இருந்தது. அவர் வந்து சேர்ந்த ஆண்டுகளில்தான் டெட்ராயிட்டின் பழைய கறுப்பினக் குடியிருப்பான பிளாக் பாட்டமும், ஹேஸ்டிங்ஸ் தெருவின் கடைகளும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் விரைவுச் சாலை போடப்பட்டது. நகரின் டிராம் வண்டிகள் 1956இலேயே நிறுத்தப்பட்டிருந்தன. தொழிற்சாலைகள் புறநகருக்குப் போயின. அவற்றைத் தொடர்ந்து வெள்ளையர் போனார்கள், வேலையும் போயிற்று. கறுப்பினத்தவர் வீடு வாங்க முடியாத இடங்களில் வேலை இருந்தது. அங்கே போகப் பேருந்து போதவில்லை.

1965இல் ஜான் கான்யர்ஸ் நாடாளுமன்ற உறுப்பினரானதும் ரோசாவைத் தம் டெட்ராயிட் அலுவலகத்தில் அமர்த்தினார். 1988 வரை, 23 ஆண்டுகள், அவர் செய்த வேலைக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வீடு இழந்தவர், வேலை இழந்தவர், உதவித்தொகை வராதவர் ஆகியோரின் குறைகளைக் கேட்பது, கோப்புகளைத் தேடுவது, தொலைபேசியில் பேசுவது. பங்குத்தந்தையர்கள் இந்த வேலையின் சலிப்பையும் அருமையையும் அறிவார்கள். ஒரு நாள் எழ மறுக்கத் துணிவு வேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகள் மேசையில் அமர்ந்து மனுக்களை வாங்க வேறு வகைத் துணிவு வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதே கடினம் என்பேன். 1977இல் ரேமண்டும் சில்வெஸ்டரும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். 1987இல் கணவரின் பெயரையும் சேர்த்து இளையோருக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இதற்கிடையே பேருந்தின் பொருளாதாரமே மாறிவிட்டிருந்தது. கட்டணத்தை மட்டும் நம்பி எந்த நகரத்திலும் பேருந்து ஓட முடியாத நிலை வந்தது. தனியார் நிறுவனங்கள் கைகழுவ, நகராட்சிகள் ஏற்றன. 1964இல் புதிய வண்டிகள் வாங்கவும், 1974இலிருந்து அன்றாடம் ஓட்டவும் நடுவண் அரசு உதவத் தொடங்கியது. இது நல்லதுதான். ஆனால் இதில் ஒரு நுட்பமான இழப்பும் உண்டு. 1955இல் ஏழையின் கையிலிருந்த 10 சென்ட்டுக்கு ஒரு நிறுவனத்தை வீழ்த்தும் வலிமை இருந்தது. வண்டி வரிப்பணத்தில் ஓடும்போது, ஏறமாட்டோம் என்று மக்கள் நடந்தால் யாருக்கு நஷ்டம்? பயணிகள் குறைந்துவிட்டார்கள், தடத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல அதுவே காரணமாகிவிடும். மாண்ட்கோமரி மக்களின் ஆயுதம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் முனை மழுங்கிப்போயிற்று. இனி ஓடுவதா நிற்பதா என்பதை வரவுசெலவுத் திட்டம் முடிவு செய்யும். அந்த மேசையில் அமர்ந்திருப்பவர்களில் பேருந்தில் போகிறவர் எத்தனை பேர்?

நீதிமன்றம் என்ற வேறொரு வழி சில காலம் திறந்திருந்தது. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் பேருந்துப் பயணிகள் சங்கத்தினர் அந்நகரப் போக்குவரத்து ஆணையத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். புறநகர் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஏழைகள் ஏறும் பேருந்தில் கட்டணத்தை உயர்த்துவது 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்பது வாதம். 1996இல் ஆணையம் உடன்பாட்டுக்கு வந்தது. கட்டணக் கட்டுப்பாட்டுக்கும் கூடுதல் பேருந்துகளுக்கும் பத்தாண்டு உறுதி கிடைத்தது. ஆனால் 2001இல் அலபாமாவிலிருந்து சென்ற சாண்டோவல் வழக்கில், உள்நோக்கத்தை மெய்ப்பிக்காமல் விளைவை மட்டும் காட்டிப் பொதுமக்கள் அச்சட்டத்தின்கீழ் வழக்காட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்றாகிவிட்டது.

மாண்ட்கோமரியில் நடந்ததைப் பார்ப்போம். 1990களின் நடுவில் நடுவண் அரசு நகரப் பேருந்துகளை ஓட்டத் தரும் பணத்தைக் குறைத்தது. 1998இல் இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகர்ப்பகுதிகளுக்கு அவ்வுதவியைப் பெரும்பாலும் நிறுத்தியது. பிற மாநிலங்களில் மாநில அரசு கைகொடுத்தது. அலபாமாவில் 1952ஆம் ஆண்டின் திருத்தம் குறுக்கே நின்றது. அந்த 1990களின் இறுதியில், ரோசா பார்க்ஸின் நகரம் தன் வழக்கமான தடங்களைக் கைவிட்டு, முன்கூட்டியே தொலைபேசியில் பதிவு செய்தவரை மட்டும் ஏற்றும் முறைக்கு மாறியது. நிறுத்தத்தில் போய் நின்றால் வண்டி வரும் என்ற எளிய நம்பிக்கை போயிற்று. பின்னர் தடங்கள் திரும்பின, ஆனால் முன்புபோல் அல்ல.

அதே காலத்தில் ரோசாவுக்கு மரியாதைகள் குவிந்தன. 1996இல் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம், 1999இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம். 1999 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலையும் சந்தித்தார். அவர் அமர்ந்திருந்த 2857 எண் வண்டி, ஓய்வு கொடுக்கப்பட்டபின் அலபாமாவில் ஒரு வயலில் பலகையும் கருவிகளும் போட்டுவைக்கும் கொட்டகையாகத் துருப்பிடித்துக் கிடந்தது. 2001இல் டெட்ராயிட்டுக்கு அருகிலுள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் அதை 4,92,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. பழுதுபார்க்க மேலும் 3,00,000 டாலருக்கு மேல் செலவாயிற்று, அதில் அரசு மானியமும் உண்டு. அந்த வண்டியைக் காப்பாற்றியது நல்ல காரியமே. குழந்தைகள் அதில் ஏறி அமர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் ஓடாத பேருந்துக்குக் கிடைத்த பணமும் ஓட வேண்டிய பேருந்துகளுக்குக் கிடைக்காத பணமும் ஒரே காலத்தவை என்பதை மறக்க முடியவில்லை.

2005 அக்டோபர் 24 அன்று ரோசா பார்க்ஸ் டெட்ராயிட்டில் காலமானார். மாண்ட்கோமரியிலும் டெட்ராயிட்டிலும் அடக்க நாள்வரை பேருந்துகளின் முன் இருக்கைகளில் கறுப்பு நாடா கட்டி யாரும் அமராமல் விட்டார்கள். வாஷிங்டனில் நாடாளுமன்ற மண்டபத்தில் மக்களின் அஞ்சலிக்காக உடல் வைக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். அடக்கச் சடங்கு நவம்பர் 2, நாம் இறந்தோரை நினைவுகூரும் நாளில் நடந்தது.

2009இல் டெட்ராயிட் நகர மையத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டு ரோசா பார்க்ஸ் பெயர் சூட்டப்பட்டது. அந்நிலையத்திலிருந்து புறப்பட்டால் எவ்வளவு தூரம் போகலாம்? புறநகர்ப் பேருந்துக்கு வரி கட்ட விருப்பமில்லை என்று சொல்லி விலகிக்கொள்ள 1995 முதல் புறநகர் ஊர்களுக்கு உரிமை இருந்தது. விலகிய ஊர்களில் பேருந்து நிற்காது. வேலை அங்கே, வேலை வேண்டியவர் இங்கே. 2016 நவம்பரில் நான்கு மாவட்டங்களுக்கும் ஒரே போக்குவரத்து வலை அமைக்க ஒரு சொத்து வரி வாக்கெடுப்புக்கு வந்தது. மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. 2022இல் ஓக்லாண்ட் மாவட்ட மக்கள் வாக்களித்துத் தங்கள் மாவட்டத்தில் அந்த விலகல் உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். கறுப்பினத்தவர் குறைவாக வாழும் வசதியான ஒரு மாவட்டம், பிறரும் வந்துபோகும் பேருந்துக்கு வரி கட்டச் சம்மதித்தது. இது சிறிய செய்தியாகவே கடந்துபோயிற்று.

அலபாமாவில், 2018இல் மாநிலச் சட்டமன்றம் பொதுப் போக்குவரத்துக்கென ஒரு நிதியத்தை உருவாக்கியது. அதில் போடப் பணம் ஒதுக்கவில்லை. உள்ளூர்ப் பங்கு கட்டினால்தான் நடுவண் அரசின் உதவி முழுதாக வரும் என்பதால், கட்ட முடியாத ஊர்கள் அதையும் இழந்தன. 2019 மார்ச்சில் எரிபொருள் வரியைப் படிப்படியாக 10 சென்ட் உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. பணம் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் போயிற்று. மொபைல் துறைமுகத்தின் கப்பல் கால்வாயை ஆழப்படுத்தவும் அதில் வழி செய்தார்கள். நகரப் பேருந்துகளை ஓட்ட அதில் பங்கு வைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, மாண்ட்கோமரி நகர மையத்தில், ரோசா அம்மையார் அந்த மாலை பேருந்து ஏறிய இடத்துக்கு அருகே, அவருடைய வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது.